சாமிக்கு ஹனோய் எதுக்கு?

ஐம்பத்து நான்காவது வயதில் சிவநேசன் ஒரு முடிவுக்கு வந்தார். முதுகில் ஒரே ஒரு பையை மாட்டிக்கொண்டு, தனியாக, மலிவாக, உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவது. உலகம் என்றால் எடுத்த எடுப்பில் முழு உலகமும் இல்லை. முதலில் வியட்நாம். மற்றதெல்லாம் முட்டி வலியைப் பொறுத்து.

இது நேற்று முளைத்த ஆசை இல்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. கப்பலேறப் போகிற கொண்டெய்னர் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்து, தலையாட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஊர். ரோட்டர்டாம், மொம்பாசா, ஹைபோங். பெட்டி ஊருக்குப் போய்விடும். சிவநேசன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிள்ளானில் இருக்கிற வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாள் ஹைபோங் போகிற பெட்டி ஒன்றின் மேல் சும்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெயிலில் சுட்டது. மறுநாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பெட்டி இந்நேரம் நடுக்கடலில் இருக்கும், அதைத் தொட்ட கை இங்கே தே தாரிக் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தார். தொண்டையை அடைத்தது. ரொட்டி சானாய் அடைத்துக்கொண்டதாக நினைத்து, கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கப்புறம் கைப்பேசியில் வீடியோக்கள். முதுகுப் பையோடு ஊர் சுற்றுகிற பையன்கள், பெண்கள். பத்துப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில். தெருவோரத்தில் குட்டி நாற்காலியில் குந்தி உட்கார்ந்து ஒரு கிண்ணம் நூடல்ஸ். பழைய பஸ்ஸில் ஏறினால் காலையில் மேகத்துக்குள் ஒரு மலையூர். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கேஸ் முடிஞ்சிருச்சு, வாங்கிட்டு வாங்க" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

மனைவி அமுதவள்ளியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் அவர்களோடு லங்காவித் தீவுக்குப் போனதில்லை. அந்த மூன்று நாள் பயணத்துக்கு ஆறு பெட்டி. ஒன்றில் ரைஸ் குக்கர். ஒன்றில் அரிசி, ஏதோ லங்காவியில் நெல் விளையாதது போல. ஊறுகாய் பாட்டில் உடைந்து சிவநேசனின் ஒரே நல்ல சட்டை மாங்காய் வாசனையோடு கடற்கரைக்குப் போனது. அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சுகம், விமானத்தில் ஜன்னலோர இருக்கையை முந்திக்கொண்டு பிடித்ததுதான். எனவே தனியாகத்தான் போவது. தனியாகப் போக ஒரே வழி, அமுதவள்ளி கூட வர முடியாத ஓர் இடத்தின் பேரைச் சொல்வது.

அப்படி ஓர் இடம் இருந்தது. சபரிமலை. சிறுமிகள் போகலாம், வயதான பெண்கள் போகலாம். அமுதவள்ளி இரண்டிலும் சேர்த்தி இல்லை என்பது சிவநேசனின் கணக்கு.

டிக்கெட் போட்ட அன்றைக்கு வீட்டில் பாயசம். முந்திரி நிறையப் போட்ட சேமியாப் பாயசம். எதற்கு என்று கேட்காமல் இரண்டு கிண்ணம் குடித்தார். அமுதவள்ளி புதுச் சேலை கட்டி அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, சலுகை விலையில் ஹனோய்க்கு ஓர் இருக்கை வாங்கினார். கிள்ளான் சாமிகள் மலைக்குக் கிளம்பும் நாள் எது என்று விசாரித்து, அதே நாளுக்குத்தான் போட்டார். பொய்யென்றாலும் பொருந்தி வர வேண்டாமா?

மறுவாரம் அறிவிப்பு.

"அமுதா, இந்த வருஷம் மாலை போடலாம்னு இருக்கேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "நீங்களா?"

"ஏன், நான் போடக்கூடாதா?"

"போடலாம்லா. எங்க அண்ணன் வருஷா வருஷம் கூப்பிட்டப்ப முட்டி வலிக்குதுன்னீங்களே."

"இப்ப வலிக்கல."

"எப்போலேர்ந்து?"

"ஐயப்பன் கூப்பிட்டதுலேர்ந்து."

அமுதவள்ளி அவரையே பார்த்தாள். கண்ணில் ஏதோ மின்னியது. கணவனின் பக்தியைப் பார்த்துப் பூரிக்கிறாள் என்று சிவநேசன் எடுத்துக்கொண்டார்.

"யாரு குரூப்புல போறீங்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ் குரூப்பு. புதுசு, உனக்குத் தெரியாது."

"அப்ப நானும் ஒரு தடவ..."

"நீயா? அதுக்கெல்லாம் வயசு இருக்குலா, அமுதா."

"ஆமா" என்றாள் அவள், கீரையைப் பார்த்துக்கொண்டு. "வயசு இருக்கு."

கிள்ளான் கோயிலில் குருசாமி இராதாகிருஷ்ணன் மாலையைப் போட்டுவிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலைக்குப் போய்ப் போய்த் தாடி நரைத்தவர். அவர் சரணம் சொன்னால் பிளாட்பாரத்தின் கடைசி வரை கேட்கும். அவரிடமும் பிரிக்ஃபீல்ட்ஸ் குரூப் கதையைச் சொன்னார் சிவநேசன். போகிற அன்றைக்கு இந்த மாலையை என்ன செய்வது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஐயப்பன் மன்னிப்பார், அமுதவள்ளி மன்னிக்க மாட்டாள், ஆகவே அமுதவள்ளிக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

விரதம் தொடங்கியது. விடியும் முன்னே பச்சைத் தண்ணீர்க் குளியல். வெறுந்தரையில் பாய். காலில் செருப்பு கிடையாது. மீன்தலைக் கறி கிடையாது. சிவநேசன் மனதைத் தேற்றிக்கொண்டார். இதெல்லாம் பயிற்சிதானே? தரையில் படுத்துப் பழகினால் பத்துப் பேர் அறையில் தூக்கம் வரும். பச்சைத் தண்ணீரும் பழகட்டும். ஆனாலும் மூன்றாம் நாள் நடுங்கிக்கொண்டே தலையில் தண்ணீரை ஊற்றும்போது, ஹனோய் விடுதிக்காரன்கூட வெந்நீர் தருவானே என்று அழுகை வந்தது.

இன்னொன்று நடந்தது. அவர் பேர் காணாமல் போய்விட்டது. மாலை போட்டவருக்கு ஊரெல்லாம் ஒரே பேர்தான். லோரிக்காரர்கள், "சாமி, பெட்டி ரெடி" என்றார்கள். பாசாரில் காய்கறிக்காரம்மா, "சாமி, வெண்டிக்கா நல்லாருக்கு" என்றாள். வீட்டிலும் அப்படித்தான்.

"சாமி, கேஸ் முடிஞ்சிருச்சு."

குரல் மட்டும் தேனாக இருந்தது. ஈரத் துண்டைச் சோபாவில் போட்டார். சாமி என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டார். சாமி என்று சொல்லித் துடைத்தாள். ஒரு முறைப்பு இல்லை, ஒரு சத்தம் இல்லை. கல்யாணமான மறுநாளே மாலை போட்டிருக்க வேண்டும் என்று சிவநேசன் வருந்தினார்.

முதுகுப் பை வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், எங்கே பார்த்தாலும் ஜிப்.

"இருமுடி தலையில தானே சாமி? முதுகுல எதுக்கு?"

"வேட்டி துண்டு வைக்க."

"பைக்கு மழைக்கோட்டெல்லாம் போட்டிருக்கே?"

"மலையில மழை பெய்யும்லா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் அவர் ஷிப்டு முடிந்து சற்று முன்னதாகவே வந்தபோது, ஜன்னல் வழியே ஒரு காட்சியைப் பார்த்தார். அமுதவள்ளி அந்தப் பையை முதுகில் மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு, ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். டிவி மேசையைச் சுற்றி வளைந்து, சோபா ஓரத்தில் நின்று, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல நெற்றிக்கு மேல் கையை வைத்தாள். அங்கே இருந்தது ஃபிரிட்ஜ். கதவு திறந்த சத்தம் கேட்டதும் சட்டென்று கழற்றினாள்.

"வார் நல்லாருக்கான்னு பாத்தேன் சாமி."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்றாள், பையைத் தடவிக்கொண்டே. சிவநேசன் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதை யோசிக்காமல் விடுவதில் அவருக்கு முப்பது வருடக் குடும்ப அனுபவம் உண்டு.

அடுத்து பணம் மாற்ற வேண்டும். கிள்ளானில் மாற்றினால் யாராவது பார்ப்பார்கள் என்று ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால். ஒரு பணமாற்றுக் கடையில் வரிசையில் நின்று, முறை வந்ததும் கூண்டுக்குள் குனிந்து மெல்லக் கேட்டார்.

"டோங் இருக்கா?"

உள்ளே இருந்தவர் நிமிர்ந்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். "ஐயோ, நம்ம சிவநேசன்! சாமியே சரணம்! மாலை போட்டிருக்கீங்க!"

கேதீஸ்வரன். அமுதவள்ளி பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸில். இவருடைய தங்கையும் அவளும் ஒரே வகுப்பு. இவர் கடை வைத்திருப்பது சிவநேசனுக்குத் தெரியும். எந்தத் தெருவில் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

"சரணம் சாமி" என்றார் சிவநேசன், வேறு வழியில்லாமல்.

"என்ன கேட்டீங்க? டோங்கா? வியட்நாம் காசா?"

"ஒரு கூட்டாளிக்கு."

"சாமிக்கு டோங் எதுக்கு? கூட்டாளிய வரச் சொல்லுங்க. சாமிக்கு வேண்டியது ரூபாய். தங்கச்சி வீட்டுக்காரருக்கு நல்ல ரேட்டு போட்டுத் தரேன், கொடுங்க காச."

பின்னால் நின்ற இரண்டு பேர், "சாமி சரணம்" என்று கும்பிட்டார்கள். கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் எப்படி டோங் கேட்பது? இந்திய ரூபாயைக் கட்டாக வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். இதைக் கொடுத்தால் ஹனோயில் ஒரு கிண்ணம் நூடல்ஸ் தருவார்களா என்று கிள்ளான் வரும்வரை ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பூஜை வைக்க வேண்டும் என்றாள் அமுதவள்ளி. கிள்ளான் சாமிகளெல்லாம் வந்தார்கள். ஹாலில் படம், விளக்கு, பஜனை, சோறு. குருசாமி இராதாகிருஷ்ணன் போட்ட சரணத்தில் அண்டை வீட்டுக் கார் அலாரம் இரண்டு தடவை அலறியது. கற்பூரம் காட்டி முடித்ததும் குருசாமி சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"மாளிகைப்புரம், வாங்க. வந்து விபூதி எடுத்துக்குங்க."

மலைக்கு மாலை போட்ட பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கிழவி வந்திருக்கிறாள் என்று சிவநேசன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அமுதவள்ளி வந்தாள். கருநீலச் சேலை. யோசித்துப் பார்த்தால் இவள் கொஞ்ச நாளாகவே கருநீலத்தில்தான் இருந்தாள். கழுத்தில் துளசி மாலை.

"அமுதா, என்ன இது?"

"மாலை சாமி."

"எப்ப போட்ட?"

"நீங்க போட்ட மறுநாளே. இதே குருசாமிதான் போட்டுவிட்டாரு. நீங்க கூடத்துல பாய் போட்டீங்க, நான் ரூம்புல பாய் போட்டேன். உங்களுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் குளிச்சேன். நீங்க பாக்கல சாமி."

"உனக்கு எப்படி... வயசு..."

"அம்பது ஆச்சு சாமி."

"எப்ப?"

அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கியிருக்கலாம். ஹாலில் தாளம் நின்றது. விபூதிக்கு நீண்டிருந்த கைகள் நின்றன. கறுப்பு வேட்டிக்காரர்கள் அத்தனை பேரும், ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒருத்தி உண்டு என்பதால், அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"பாயசம் வச்ச அன்னிக்கு" என்றாள் அமுதவள்ளி, குரலில் தேன் குறையாமல்.

குருசாமிதான் தொண்டையைச் செருமிப் பேச்சை மாற்றினார். "பிரிக்ஃபீல்ட்ஸ் குரூப்புக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க சாமி. புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம் போறது அழகா இல்ல. உங்களுக்கும் சேர்த்து நம்ம குரூப்புலயே மாளிகைப்புரமே டிக்கெட் எடுத்துட்டாங்க. கொச்சினுக்கு. நீங்க சொன்ன அதே நாள்தான், வசதியாப் போச்சு!"

எல்லாரும் போன பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று சிவநேசன் சமையலறைக்குப் போனார். அமுதவள்ளி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அமுதா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சாமி" என்றவள், அவர் வாய் திறக்கும் முன்னே தானே பேசினாள். "எங்கப்பாவுக்கு, எங்கண்ணனுக்கு, எத்தன இருமுடிக்குத் தேங்காயத் தேச்சுக் கொடுத்திருக்கேன் தெரியுமா? தேங்காயெல்லாம் மலைக்குப் போயிரும். நான் ஏர்போட்டுல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கை காட்டிட்டு வீட்டுக்கு வந்துருவேன். அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே வருவேன். அம்பது ஆகட்டும், அம்பது ஆகட்டும்னு இருந்தேன். எல்லாப் பொம்பளையும் வயசாகுதேன்னு அழுவா. நான் ஒருத்திதான் எப்படா ஆகும்னு இருந்தேன்."

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சிவநேசனுக்கு ஹைபோங் பெட்டியின் சூடு உள்ளங்கையில் திரும்ப வந்தது. இந்த ஏக்கம் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாரே! அதே வீட்டில், அதே அடுப்படியில், இவளும் தேங்காய்களை வழியனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஹனோயை அப்படியே விழுங்கினார். இறங்க நேரமெடுத்தது.

"என்னமோ சொல்லணும்னீங்க?"

"தள்ளு. பாத்திரத்த நான் கழுவுறேன்."

விழுங்கினாரே தவிர, செரிக்கவில்லை. கிளம்புகிற அன்று காலை, குளித்து, நீறு பூசி, இருமுடியைத் தொட்டுக் கும்பிட்ட கையோடு கைப்பேசியை எடுத்து, ஹனோய் விமானத்துக்கு செக்-இன் செய்தார். போகப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அந்த விமானத்தில் ஓர் இருக்கை, ஜன்னலோரமாக, கொஞ்ச நேரமாவது தன் பேரில் காலியாக இருக்கட்டுமே என்றிருந்தது.

கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும், அமுதவள்ளி நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வழியனுப்ப வந்திருந்த மகள் ஷாமினி வெளிப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள். அமுதவள்ளி தலையில் இருமுடியோடு, கை காட்டத் தெரியாமல், சும்மா சிரித்தாள். சாம்பல் நிறப் பை அவள் முதுகில் இருந்தது. வாங்கி மாட்டிக்கொள்ள சிவநேசனுக்கு மனம் வரவில்லை.

கொச்சின் வாசலுக்கு நேர் எதிரே ஹனோய் வாசல். அங்கே முதுகுப் பைக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் கறுப்பு வேட்டிகள் நடுவில் உட்கார்ந்து, சிவநேசன் அவர்களைக் கடைசி ஆள் வரை பார்த்தார். அப்போதுதான் சீருடைப் பெண் ஒருத்தி கையில் வாக்கி-டாக்கியோடு கத்திக்கொண்டு வந்தாள்.

"ஹனோய்! ஹனோய்! சிவநேசன் முனியாண்டி! சிவநேசன் முனியாண்டி!"

இத்தனை நாளாக யாரும் சொல்லாத பேர். இவ்வளவு பெரிய இடத்தில், ஹனோயோடு சேர்த்து, இவ்வளவு சத்தமாக. சிவநேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. வெறுங்கால் இரண்டும் தாமாக எழுந்துகொள்ளப் பார்த்தன. வாசல் இன்னும் திறந்துதான் இருந்தது.

அந்தப் பெண் நேராக இவர்களிடம் வந்து, "அங்கிள், ஆன்டி, இங்கே யாருக்காவது சிவநேசன் என்று பேரா?" என்று மலாயில் கேட்டாள்.

சாமிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிவநேசன் வாயைத் திறந்தார். முந்திக்கொண்டு, மலாயிலேயே, அமைதியாகப் பதில் சொன்னாள் அமுதவள்ளி.

"இங்க எல்லாருக்கும் ஒரே பேருதாம்மா. சாமி."

"உண்மைதான்" என்று குருசாமி தலையாட்டினார். அந்தப் பெண் நகர்ந்தாள். ஹனோய் வாசலை மூடினார்கள். யாருக்கும் தன் பேர் தெரியாத ஓர் இடத்தில் ஒருநாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அப்படிப்பட்ட இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை அமுதவள்ளிக்கு. அவர் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, இறக்கையை, ஓடுபாதையை, எதையும் விடாமல் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலே எட்டி, எதிரே இன்னொரு விமானம் கிளம்பி ஓடுவதைச் சிவநேசன் பார்த்தார். அதில் ஓர் இருக்கை காலி. அது மேலே ஏறி, சின்னதாகி, மறையும்வரை இருவரும் பார்த்தார்கள்.

"போயிருச்சு" என்றாள் அமுதவள்ளி.

சிவநேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"கேதீஸ்வரன் அண்ணன் அன்னிக்கே போன் போட்டாரு. சாமிக்கு டோங் எதுக்குன்னு கேட்டாரு."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல? ஒரு சத்தம் போடல?"

அமுதவள்ளி ஜன்னலிலிருந்து திரும்பினாள். கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, தேன் சொட்டச் சொட்டச் சொன்னாள்.

"விரதத்துல கோவப்படக் கூடாது சாமி. மலை இறங்கி மாலையக் கழட்டட்டும், பேசிக்கலாம்."